கீழே ஓடிக்கொண்டிருந்த வண்டி

புருஷன் செத்து மூன்று மாதமாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று உறவில் அவளைப் பற்றிப் பேச்சு இருந்தது. பேசிவிட்டுப் போகட்டும். வருகிற அழுகையை அடக்கினால் கல்நெஞ்சு என்று சொல்லலாம், வராத அழுகைக்கு அவள் எங்கே போவாள்? தையல் ஆலையில் மிஷின்களைப் பழுதுபார்க்கிற வேலை அவளுக்கு. பத்தாவது நாளே போய்விட்டாள். நூல் அறுக்கிற மிஷின், ஊசி முறிக்கிற மிஷின் என்று எல்லாம் வரிசைகட்டிக் காத்திருந்தன. ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறந்தது மகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

உள்ளே மிச்சமிருந்தது ஒன்றுதான். அது கோபம்.

தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு அவர் மோட்டார் சைக்கிள் கீழே வந்து நிற்கும். வீடு இரண்டாவது மாடி. சத்தம் கேட்டதும் இவள் டீயை வடிகட்டி டம்ளரில் ஊற்றி வைப்பாள். மனுஷன் வர மாட்டார். வண்டி பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நிமிடம், நாலு நிமிடம். கடைசியில் ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் படியேறி வருவார். ஆறிப்போன டீயை ஒரு வார்த்தை பேசாமல் குடிப்பார். நாலு வருஷமாக இதே கதை. வீட்டுக்குள் வர மனசில்லாத ஆள்தான் வாசலில் அப்படி நிற்பான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அந்தக் கடைசி முறுக்கு இருக்கிறதே, "சரி, போய்த் தொலைவோம்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வது போலவே இவள் காதில் விழும்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "மேல வர மனசில்லேன்னா அங்கேயே ஒரு பாயைப் போட்டுக் குடித்தனம் நடத்துங்க."

"இன்ஜினியரம்மாவுக்கு இன்னைக்கு சூடு அதிகம்" என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். அதற்கு அடுத்த வாரம் வேலை செய்த இடத்தில் மேஜைமேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. மனசு இருந்ததா, இல்லையா? இனி யாரைப் போய்க் கேட்பது?

வண்டி அவர் வேலை செய்த இடத்திலேயே மூன்று மாதம் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் பெட்ரோல் போட்டு ஓட்டிவந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"வித்துரலாம் அண்ணி. ஒரு ஆளு கேக்கறாரு. அடுத்த ஞாயிறு அஞ்சு மணிக்குக் கூட்டிட்டு வரேன்."

"வித்துரு தம்பி. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கலை" என்றாள். மனதில் இருந்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஈரம், படிக்கட்டு முழுக்கப் பெட்ரோல் நாற்றம். கார்பரேட்டர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற வண்டியை எவன் வாங்குவான்? ஆலை லீவான ஞாயிறு மதியம் அவளே தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவர் இருந்திருந்தால் நடக்கிற காரியமா இது? சுவர்க்கடிகாரம், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி என்று வீட்டில் எதைப் பிரித்து மாட்டினாலும் ஒரு திருகை மிச்சம் வைத்துவிடுவாள். பொருள் என்னவோ ஓடும். மிஞ்சின திருகைத்தான் அவரால் தாங்க முடியாது. "எதை வேணா பிரி. என் வண்டில கை வச்சே, நான் நடந்தே வேலைக்குப் போவேன்" என்பார்.

தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்குகிற இடத்தில் இருந்த குழாயை மூடினாள். வயர்களைக் கழற்றிக் கார்பரேட்டரை வெளியே எடுத்து, அடியில் இருந்த கிண்ணத்தின் நாலு திருகுகளைப் பிரித்தாள். பெட்ரோல் தேங்குகிற கிண்ணம் அது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினாள். காய்ந்த வடகம் மாதிரி மூன்று துண்டாக உடைந்து வந்தது. கிண்ணத்தின் வெளிப்பக்கம் பெட்ரோல் கசிந்து கசிந்து பழுப்பாகத் தடித்திருந்தது. மூன்று மாதத்தில் படிகிற கறை இல்லை அது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கீழ்வீட்டு டீச்சர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் மேற்பார்வையிலிருந்து ஓய்வு பெறாதவர்.

"அவரு இருந்தப்ப நாலு வருஷமா ஒருநாள் இப்படி நாறலையேம்மா."

"இது வருஷக்கணக்கா ஒழுகியிருக்கு டீச்சர்."

"ஒழுகாம என்ன? நாலு வருஷம் முன்னாடி நான்தான் சொன்னேன், குடலைப் பிரட்டுதுன்னு. மறுநாள்லேர்ந்து வந்து நின்னதும் குனிஞ்சு அந்தக் குழாயை மூடுவாரு. உள்ள தேங்கியிருக்கறது எரிஞ்சு தீரட்டும்னு இன்ஜினை ஓட விட்டுட்டு நிப்பாரு. அது தானா நின்னப்புறம்தான் மேல வருவாரு."

அவள் கையிலிருந்த கிண்ணத்தைத் துணியில் துடைத்தாள்.

"ஒரு ரப்பரை மாத்தறதுக்கு என்னவாம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வீட்ல தெரிஞ்சா மொத்த வண்டியையும் பிரிச்சு மேஞ்சிருவா, சொல்லிராதீங்க டீச்சர்னாரு. நானும் சொல்லலை."

"ஓஹோ" என்றாள்.

கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை வைத்து, கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கினாள். வாரநடுவில் வாங்கி வைத்திருந்த புது வளையத்தைப் பதித்தாள். கை வேலை செய்துகொண்டிருந்தது. நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி. அந்தக் கடைசி முறுக்கு? தானாக நிற்கப்போகிற வண்டியை எதற்கு முறுக்க வேண்டும்? அந்த எரிச்சல் அவருடையதுதானே? டீச்சர் நல்ல மனுஷி, செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார். அவள் நாலு திருகுகளையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கார்பரேட்டரை அதன் இடத்தில் மாட்டினாள். எந்தத் திருகும் மிஞ்சவில்லை.

குழாயைத் திறந்து கால் மணி நேரம் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரமில்லை. ஆறாவது உதையில் வண்டி கிளம்பியது. சூடாகிச் சீராக ஓட ஆரம்பித்ததும் குனிந்தாள். வண்டி முழுக்கத் துரு, தூசி. குழாயின் கைப்பிடி மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதை மூடினாள். இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி ஓடியது. ஒரு நிமிடம். இரண்டு. டீச்சர் எழுந்து உள்ளே போனார். எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் ஒரு காது மாதிரி தெரிந்தது. மூன்று. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலாவது நிமிடம் பாதி போயிருக்கும், இன்ஜின் சட்டென்று வேகமெடுத்து உறுமியது. யாரோ ஒரு முறுக்கு முறுக்கியது போல. அதே சத்தம். அப்புறம் இருமி அடங்கியது.

அவள் கைகள் மடியில்தான் இருந்தன.

மிஷின்காரியாகப் போய் இது தெரியாமல் இருந்திருக்கிறாளே. பெட்ரோல் தீரும்போது காற்று கூடிப்போனால் இன்ஜின் தானாகவே ஒரு வேகம் எடுத்துவிட்டுத்தான் நிற்கும். யாரும் முறுக்கவில்லை. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் முறுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. பிறகு படியேறி வந்தாள். மகள் கதவருகே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வண்டி ஓடற சத்தம் கேட்டதும் வந்துருவீங்கன்னு டீ ஊத்திட்டேன். கீழேயே உக்காந்துட்டு என்னம்மா பண்றீங்க? சித்தப்பா போன் பண்ணாரு, அந்த ஆளோட கிளம்பிட்டாராம்."

"வர வேணாம்னு சொல்லிடு."

"ஏன், ஒழுகறது நிக்கலையா?"

"நின்னுருச்சு."

மகள் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு, கொடுங்க, சுட வச்சுத் தரேன்" என்று கை நீட்டினாள்.

"வேணாம்" என்று அவள் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலே ஆடை கட்டியிருந்தது. ஒரு வாய் குடித்தாள். பெட்ரோல் வாடையடிக்கிற விரல்களோடு இன்னொரு வாய். தொண்டைக்கு ஒப்பாத டீ. இதைத்தான் நாலு வருஷம் குடித்திருக்கிறார். சுட வைத்துத் தா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சுட வைத்துத் தரட்டுமா என்று அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.