கை காட்ட ஓர் ஆம்பளை

எங்கள் ஊர் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்காது. எங்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆன நாளிலிருந்து இந்தக் கூத்து. தூரத்தில் சேலை தெரிந்தாலே போதும், டிரைவர் வண்டியை நடுரோட்டுக்கு ஒடித்து, எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போவான். அதனால் நாங்கள் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். தையல்கடை மீரா உசேன் மட்டும் ரோட்டோரம் நின்று கை காட்டுவார். பஸ் நின்றதும் ஓடிவந்து தொற்றிக்கொள்வோம். கோழி திருடப் போகிறவன்கூட இப்படிப் பதுங்கமாட்டான். தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

ஓட முடிந்தவர்களுக்குச் சரி. என் தங்கை அம்சத்துக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனது. கக்கத்தில் கட்டையைக் கொடுத்து ஊன்றித்தான் நடப்பாள். மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருக்கிறாள். அதிலும் அவளுக்கு இலவசம், துணைக்குப் போகிற எனக்கும் இலவசம். இலவசமாம்! அவள் மரத்தைத் தாண்டுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ரெவின்யூ கோர்ட்டுக்குப் போயே ஆகவேண்டும். பண்ணையாளாக இருந்த எங்கள் அப்பா, சங்கத்தில் சேர்ந்து போராடி, ஒரு ஏக்கருக்குக் குத்தகைப் பதிவு வாங்கியவர். அவருக்குப் பிறகு அம்சம்தான் சாகுபடி. வரப்பில் உட்கார்ந்து நடவாட்களை ஏவுவாள். ஆள் கிடைக்காவிட்டால் சேற்றில் தவழ்ந்தே களை பறிப்பாள். நிலத்துக்காரர் பஞ்சநதம் மனை போடுகிறவனிடம் விலை பேசிவிட்டு, அவள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டாள் என்று வழக்குத் தொடுத்திருந்தார். ஏற்கனவே இரண்டு வாய்தா தவறிவிட்டது, இரண்டும் இந்தப் பஸ்ஸால்தான். இந்த முறையும் அவள் நேரில் வந்து சொல்லாவிட்டால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து முகூர்த்த நாள். மீரா உசேன் கல்யாணத்துக்கென்று கூத்தாநல்லூர் போய்விட்டார். நன்னிலத்து ஆட்டோக்காரன் ஒருவனும் சிக்கவில்லை. முதல் பஸ் நிற்காமல் போனது. அடுத்ததற்குக் காத்து நின்றபோது, வேட்டி மடிப்புக் கலையாமல் பஞ்சநதமே வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக் காரும் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்ததாம்.

"என்ன ரெங்கம்மா, கோர்ட்டுக்கா?" என்று என்னிடம் கேட்டார், சம்பந்தி வீட்டு விருந்துக்குக் கிளம்பியவர் போல.

"ஆமாங்கய்யா. பஸ்ஸுதான் நிக்கமாட்டேங்குது."

"பொம்பளையளப் பாத்தா எப்புடி நிப்பான்? அந்தப் புள்ளைய ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்க? ரெண்டு பேரும் மரத்துக்குப் பின்னால போங்க. நான் கை காட்டுறேன்."

நம்பினேன். வழக்கு வேறு, ஊர்ப்பழக்கம் வேறு. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அவர் ஆட்களும் நாங்களும் ஒரே மதகில்தானே நிற்கிறோம். பஸ்ஸுக்குக் கை காட்டுவதில்கூடவா ஒரு மனுஷன் வஞ்சம் வைப்பான்?

பஸ் வந்தது. கையைத் தூக்கினார். நின்றது. நான் ஓடினேன், பின்னால் அம்சம் கட்டையை ஊன்றி ஊன்றி வந்தாள். படியேறியவர் கண்டக்டரிடம், "நான் ஒரு ஆளுதான், எடுங்க எடுங்க" என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. விசில் ஊதிவிட்டான். நகர்ந்த பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.

"நிறுத்துங்க! தங்கச்சி வருது, நடக்க முடியாத புள்ள!"

"ஓசிக்கு இம்புட்டு அதட்டலா?" என்றான் கண்டக்டர். "டைம் ஆச்சும்மா. ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு."

"நீ போக்கா!" என்று அம்சம் கத்தினாள். "வக்கீல்கிட்ட சொல்லு. அடுத்த பஸ்ஸப் புடிச்சிடுறேன்!"

ஏறிவிட்டேன். அவள் போனும் என் பையில்தான் கிடந்தது. பஞ்சநதம் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்னாலேயே இன்னொரு வண்டி வருதும்மா, கவலப்படாத" என்று என்னைத் தேற்றினார். தேற்றுகிறாராம்! அவர் மடியிலேயே வாந்தி எடுத்திருப்பேன். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் பிழைத்தார்.

கோர்ட்டில் அம்சம் பெயரைக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் கெஞ்சி, சாயங்காலம் வரைக்கும் அவகாசம் வாங்கினார். நான் வாசலிலேயே நின்றேன். எத்தனையோ பஸ் வந்தது, எதிலும் அவள் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது பஞ்சநதத்தின் வக்கீல் எழுந்தார்.

"பொம்பளைங்க, ஊனமானவங்க எல்லாருக்கும் பஸ்ஸு ஃப்ரீங்கய்யா. ஃப்ரீயா ஏறி வர்றதுக்கே சுணங்குறவங்க நெலத்துல எறங்கி என்ன சாகுபடி பண்ணியிருக்கப் போறாங்க?"

விசாரித்த அதிகாரி தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சநதத்தை நோக்கிக் கை நீட்டினேன்.

"இந்த ஆளு கையத் தூக்குனாதாங்க பஸ்ஸு நிக்குது! எங்கள ஒளிஞ்சிருக்கச் சொல்லி, கையத் தூக்கி, இவரு மட்டும் ஏறிக்கிட்டு வந்துட்டாரு!"

இதுவரை நான் அவரை 'ஐயா' என்றுதான் சொல்லி வந்தேன். இனி என் வாயில் அது வராது.

"அத டிப்போவுல போயிச் சொல்லும்மா" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

பொழுது சாயும் நேரம் ஊரில் இறங்கினேன். அதே பஸ்ஸில்தான் பஞ்சநதமும் வந்தார். அவர் இறங்குகிறார் என்பதால் சரியாக நிறுத்தத்தில் நின்றது. எதிர்ப்புறம், முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக யாரோ ஓர் ஆம்பளை மரத்தில் சாய்ந்து நின்றான். கிட்டப் போனதும்தான் கக்கத்துக் கட்டை தெரிந்தது. சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள் அம்சம்.

"என்னடி கோலம் இது?"

"களையெடுத்துட்டு வந்த வேம்புகிட்ட, அவ வெயிலுக்குச் சேலமேல போட்டிருந்த சட்டையும் துண்டும் வாங்கிப் போட்டுக்கிட்டேன். ஆம்பளன்னு நெனச்சு மத்தியான பஸ்ஸு நின்னுச்சுக்கா. கட்டைய ஊனிக் கிட்டக்கப் போனேன். டிரைவரு மூஞ்சியப் பாத்தான், சிரிச்சான், எடுத்துட்டான்."

"ஏன் புள்ள, இன்னுமா நிக்கிற? வீட்டுக்குப் போயிருக்கலாம்ல" என்றார் பஞ்சநதம்.

அவர் செருப்புக்கு முன்னால் காறித் துப்பினேன். அதைத் தாண்டிக் கால் வைத்து நடந்து போனார்.

"கோர்ட்டுல என்னக்கா சொன்னாங்க?"

"நீ வரலைன்னு எழுதிட்டாங்கடி. நெலம் போச்சு."

அம்சம் தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"வரலையா? காலையிலேருந்து வந்துக்கிட்டேதானக்கா இருக்கேன்."