பின் சீட்டின் காற்று

"தம்பி, மிஷினை அணைக்காதே. லாரி வர்றதுக்குள்ள முடிக்கணும்."

புகை டெஸ்ட் வேனின் ஷட்டரைப் பாதி இழுத்திருந்த மணிவண்ணன் திரும்பிப் பார்த்தான். பழைய வெள்ளைக் கார் ஒன்று கிருமாம்பாக்கம் பெட்ரோல் பங்குக்குள் தாறுமாறாக நுழைந்து, காற்றடிக்கும் குழாயை உரசிக்கொண்டு, அவன் வேனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டி வந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். உள்ளிருந்து கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கைப்பிடியை இழுத்துத் திறந்துகொண்டு இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆஃப் பண்ணுங்க பெரியவரே."

"பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாது. புகை டெஸ்ட் எடுக்கணும். இப்பவே."

"மணி அஞ்சாவப்போவுது. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு இது வண்டியா இருக்காது. தகரமாத்தான் இருக்கும்."

மணிவண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு இந்த வேன் வாசலில் கண் கலங்காத பழைய கார்க்காரரே இல்லை. முன்பெல்லாம் ஒரு வம்பும் இருந்ததில்லை. ஊர் ஊருக்கு ஒரு டீக்கடையிலோ பஞ்சர் கடையிலோ ஆள் இருப்பான். அவன் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கார் மாட்டுக்கொட்டகையை விட்டு நகராமலே மணிவண்ணனிடமிருந்து ஸ்லிப் போய்விடும். புகை அளவு என்ற கட்டத்தில் அளவுக்கு உட்பட்ட ஏதாவது ஓர் எண்ணைத் தட்டினால் போதும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஸ்லிப். எவர் முகத்தையும் அவன் பார்த்ததில்லை.

இப்போது மிஷின் தானாகவே அளந்து தானாகவே ஆன்லைனில் ஏற்றிவிடுகிறது. டெஸ்ட் எடுக்கும்போது நம்பர் பிளேட்டோடு வீடியோ வேண்டும். புகை டெஸ்ட்டில் தேறாத வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க முடியாது. ஆர்.சி. இல்லாத வண்டியை வாங்க வருகிறவன் பழைய இரும்புக்காரன் ஒருவன்தான்.

பெரியவர் தன் பெயரைத் தெய்வசிகாமணி என்றார். ஊர் கரையாம்புத்தூர். கார் தொண்ணூற்றெட்டு மாடல், ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. சென்னையில் இருக்கும் மகள் ஹேமலதா போனிலேயே இரும்புக்காரனிடம் பேசி முடித்துவிட்டாளாம். நாலு மணிக்கு லாரி வருவதாகப் பேச்சு. இவர் மூன்றரைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஆர்.சி. இல்லாம ரோட்ல வந்தீங்களா?"

"புடிச்சா புடிச்சினு போவட்டும்."

அந்தக் குரலில் இருந்த பிடிவாதம் மணிவண்ணனை என்னவோ செய்தது. மனிதருக்கு இந்த வண்டிமேல் உயிர் போலிருக்கிறது. ஷட்டரை மேலே தள்ளினான். அளவுக் குழலை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனவன், சைலன்சரைப் பார்த்ததும் நின்றான். துரு தின்று, வாய் ஓரம் காய்ந்த இலை போல உதிர்ந்திருந்தது.

"பெரியவரே, ஒளிவுமறைவில்லாம சொல்றேன். இது பாஸாவாது." குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒரு வழி இருக்கு. அதோ நிக்கிது பாருங்க, பங்க் மேனேஜரோட புது கார். குழலை அதோட பைப்புல சொருவிட்டு, வீடியோவுல உங்க பிளேட்டைக் காட்டிடுறேன். லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிடலாம்."

தெய்வசிகாமணி அவனை உற்றுப் பார்த்தார்.

"வேணாம். இதுலயே வை."

"பெயிலாயிடும்."

"வை தம்பி."

வைத்தான். திரையில் எண்கள் துள்ளி ஏறின. இந்த மாடலுக்கு கார்பன் மோனாக்ஸைடு மூன்று சதவீதம் வரை இருக்கலாம். ஏழு புள்ளி எட்டில் போய் நின்றது.

"முடிஞ்சுது," என்றான் மணிவண்ணன் வருத்தத்தோடு.

"இன்னும் முடியல." பெரியவர் பின்கதவைத் திறந்தார். "இதை உள்ள வெச்சி அளக்க முடியுமா?"

"எதுக்குள்ள?"

"வண்டிக்குள்ள. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு."

அப்படி எவரும் அவனிடம் கேட்டதில்லை. பதில் சொல்வதற்குள் ஹாரன் அலறியது. லாரி ஒன்று பங்குக்குள் நுழைந்து காரை மறித்து நின்றது. இரும்புக்கடை நரேஷ் அதிலிருந்து குதித்தான்.

"இன்னா பெரியவரே, தாலி கட்டற நேரத்துல பொண்ணு ஓடின கதையா இருக்கு. வூட்டாண்ட வந்தா வண்டியும் இல்ல, நீயும் இல்ல. ஊரெல்லாம் தேடறேன்."

"பத்து நிமிஷம் இருப்பா. அப்புறம் நீயே எடுத்துக்க."

"டெஸ்ட்டு எடுத்து இன்னா ஆவப்போவுது? நாளைக்கு இட்லி சட்டியாவப்போறதுக்கு சோசியம் பாக்கறியா?"

பெரியவர் குழலை மணிவண்ணன் கையிலிருந்து வாங்கினார். பின் சீட்டின் இடது மூலையில், தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து வைத்தார். குழலின் நுனியை அதன் மேல், ஒரு தலையைச் சாய்ப்பதுபோல, மெதுவாகச் சாய்த்தார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, குழல் நுழைகிற இடுக்கையும் காகிதத்தால் அடைத்தார். நரேஷின் சிரிப்பு பாதியில் நின்றது.

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். திரை அசையவில்லை. வெளியே கடலூர் பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. நான்காவது நிமிடத்தில் கடைசி இலக்கம் ஒன்றானது. பிறகு மூன்று. பிறகு ஐந்து.

மணிவண்ணன் திரைக்கு அருகே குனிந்தான். மிஷின் கம்பெனி நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் கேட்டதில் ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு இன்னும் நினைவில் இருந்தது. 'மூடின ரூமுக்குள்ள கார்பன் மோனாக்ஸைடு பூஜ்யத்தைத் தாண்டினா, யோசிக்காம வெளிய ஓடுங்க. வாசனை வராது. தலை வலிக்கும், அசதியா இருக்கும், தூக்கம் வரும். அவ்ளோதான்.'

பத்தாவது நிமிடம், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது.

"சின்ன நம்பர்தானே தம்பி?"

இடுக்கை அடைத்திருந்த காகிதத்தை மணிவண்ணன் பிடுங்கி எறிந்தான்.

"முக்கா மணி நேரம் ஒருத்தர் உள்ளயே இருந்தா?"

"யாரு இருந்தாங்க?"

தெய்வசிகாமணி கதவைத் திறந்து குழலை வெளியே எடுத்தார். துண்டை எடுக்கவில்லை.

"கார்த்திகையில பாகூர்ல ஒரு கல்யாணம். நானும் என் சம்சாரம் வசந்தாவும் போயிட்டுத் திரும்பறோம். பகல்தான், ஆனா அப்படி ஒரு மழை. வாய்க்கால் தண்ணி ரோட்டு மேல ஓடுது, வண்டியெல்லாம் நிக்குது. ஆஃப் பண்ணா மழையில ஸ்டார்ட் ஆவாதேன்னு இன்ஜினை ஓடவுட்டேன். தலை வலிக்குதுன்னா. சஷ்டி விரதம், கல்யாண வூட்லயும் கை நனைக்கல, பசியா இருக்கும்னு நெனச்சேன். சாரல் அடிக்குது, நீ பின் சீட்ல படுத்துக்கன்னு கண்ணாடியெல்லாம் ஏத்திவுட்டேன். எப்ப வழி வுடுவாங்கன்னு பாக்கறதுக்கு நான் இறங்கிப் போய் நின்னேன்."

பங்க்கில் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி வந்து கதவைத் திறந்தா, தூங்கறவ மாதிரியே இருந்தா. ஹார்ட்டுன்னாங்க. தூக்கத்துலயே போன புண்ணியவதின்னு ஊரே சொல்லிச்சி. நானும் அதைத்தான் நம்பினு இருந்தேன், முந்தாநாள் வரைக்கும்."

நரேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தாண்ணா சொன்னேன்," என்றான் மணிவண்ணனிடம். "விலை பாக்கப் போனப்ப பின் சீட்டு மிதியடியைத் தூக்கினேன். கை போற அளவுக்கு ஓட்டை. அதுக்கு நேர் கீழ சைலன்சர் ஜாயின்ட்டு வுட்டுனு இருந்துது. இதுலயா ஆளை ஏத்தின, புகையெல்லாம் உள்ள வருமேன்னு வெளாட்டா கேட்டுட்டேன். அந்தம்மா கதை எனக்குத் தெரியாது."

"நீ இன்னா பண்ணுவ," என்றார் பெரியவர். "வெட்டிட்டா அப்புறம் எங்க போய் அளக்கறது? அதான் ஓட்டினு வந்தேன்."

அவர் கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தார். வண்டி ஒரு முறை குலுங்கி ஓய்ந்தது. நரேஷ் சத்தமில்லாமல் லாரியிலிருந்து சங்கிலியை இறக்கினான்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலப்பா," என்றார் தெய்வசிகாமணி. முன்பக்கத்து டப்பாவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். "ஆவணியில இதே டெஸ்ட்டுல பாஸாயிருக்கே. வண்டியை ஓட்டினு வரேன்னுதான் சொன்னேன். போட்டோ போதும், எல்லாம் கம்ப்யூட்டர்லயே தெரிஞ்சிடும்னு டீக்கடை மரியதாஸ் சொன்னான். படிச்சவங்க பாத்துக் குடுத்ததாச்சே, வண்டி நல்லாதான் இருக்குன்னு வசந்தாகிட்டகூட சொன்னேன். அதுல எவ்ளோ போட்டிருக்குன்னு பாரு. நான் கண்ணாடி எடுத்தாரல."

மணிவண்ணன் உறையிலிருந்து ஸ்லிப்பை உருவினான். ஈரம் பட்டு மேல்பாதி எழுத்துகள் அழிந்து போயிருந்தன. எந்த வேன், யார் கையெழுத்து, எதுவும் தெரியவில்லை. அளவுக் கட்டம் மட்டும் தெளிவாக இருந்தது.

"எவ்ளோப்பா?"

"ஒண்ணு புள்ளி நாலு ஏழு."

"அது நல்ல அளவுதானே?"

"ம்."

அவன் நிமிரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஸ்லிப் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை யார் யோசித்துக்கொண்டிருப்பது? எல்லாவற்றுக்கும் அவன் ஒரே எண்ணைத்தான் தட்டுவான். மறக்காமல் இருப்பதற்காகத் தன் பைக்கிலிருந்து எடுத்த எண். வேன் நிழலில் அந்த பைக் நின்றுகொண்டிருந்தது. அதன் பிளேட்டில் கடைசி மூன்று இலக்கங்கள், ஒன்று, நான்கு, ஏழு.