மருந்துக் கடை வரைக்கும்

அப்பாவை ஏற்றிப்போக வந்த வண்டி தெருவுக்குள் பின்பக்கமாக நுழையத் தெரியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதை ஓட்டிவந்தவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்தார். எதிர்வீட்டு மதிலை ஒரு தடவை செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். பிறகு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். இருந்தாலும், கண்ணெதிரே ஒரு ஆள் தப்பாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து அழ அவளால் முடியாது. தொழில் அப்படி.

"முழுசா ஒடிக்காதீங்க. பாதி ஒடிச்சிட்டு மெதுவா விடுங்க. கண்ணாடிய பாருங்க, என் மூஞ்சிய பாக்காதீங்க."

வண்டி, சொன்ன பேச்சு கேட்கிற மாடு மாதிரிப் பின்னால் வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கிவந்து, எத்தனையோ வருஷமாக இந்த வண்டியை ஓட்டுவதாகவும் இப்படி ஆனதே இல்லை என்றும் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதை அவள் சொல்லவில்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய சின்னக் காரில் ஓட்டுகிறவர் காலடியிலும் பிரேக் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியிலும் பிரேக் உண்டு. அதனால் தெருவில் அவளுக்கு 'டபுள் பிரேக்' என்று பெயர். அவள் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது. 'எக்ஸ்பிரஸ்'. அவர் பூட்டு திறக்கிறவர். சாவியைத் தொலைத்தவர்கள் போன் செய்தால் கருவிப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் சைக்கிள் ஓட்டினார் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. அவர் அதன்மேல் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருப்பார், அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். அவர் வந்து சேர்வதற்குள் பாதிப் பேருக்குத் தொலைந்த சாவி கிடைத்துவிடும். மீதிப் பேருக்கு, இன்னொரு சாவியோடு வெளியூர் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். அப்படியும் தொழில் நடந்தது என்றால் கைராசி என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில், அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு சிலந்தி வலை பின்னி முடித்தது. நம்பாதவர்கள் மூலைக்கடைத் தையல்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். பேச்சுத்துணைக்கு அவர்தான் பக்கத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார். இளவயதில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி ஒன்றில் அப்பா கலந்துகொண்டபோது, நடுவர்கள் சாப்பிடப் போய், சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்து பரிசைக் கொடுத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர், கண்மண் தெரியாத வேகத்தில் வந்து மோதிச் செத்தார் என்று போலீசில் ஒருவர் சொல்லியிருந்தார்.

சொன்னவர் ஒரு மெத்தைக் கடைக்காரர். முந்தாநாள் பெரிய சாலையில் மருந்துக் கடை வாசலில் அவர் காரை நிறுத்திக் கதவைத் திறந்தார். அப்பா அந்தக் கதவில் இடித்து, ரோட்டில் தலைகுப்புற விழுந்தார். ஒரு பகலும் ஒரு இரவும் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, திறக்காமலே நேற்றுப் போய்விட்டார். கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, சைக்கிள்காரர்தான் பின்னாலிருந்து பறந்து வந்து மோதினார் என்பது மெத்தைக்காரர் சொன்ன கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் இதைச் சொன்னபோது மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிர்ச்சியில் இப்படி ஆகிறது போலும் என்று அவர் பயந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அம்மா சிரிக்கவில்லை. இன்று காலையில் மகள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான்தான் அன்னைக்கு அவர விரட்டினேன். ஒரு டீச்சரம்மா பரீட்சைத் தாளெல்லாம் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்களாம். பிள்ளைங்க காத்திருக்கும், சீக்கிரம் போய்த் தொலைங்கன்னு கத்திட்டேன். விரட்டிப் பிரயோசனமில்லன்னு எப்பவோ விட்டவ. அன்னைக்குன்னு பாத்து என் வாய்ல வந்துடுச்சு."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பரீட்சை நடக்காமல் போன வகுப்பிலிருந்து பெரிய பூங்கொத்து ஒன்று வந்திருந்தது. வந்ததிலேயே பெரியது அதுதான். மனதார வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. அம்மா அதையும் பார்க்கவில்லை.

வேகமாவது ஒன்றாவது என்று அத்தை சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் புதிதாக ஆரம்பித்தாள்.

"என் தம்பியா வேகமா போனான்? அவன் பொறக்கிறதுக்கே பதினோரு மாசம் எடுத்துக்கிட்டான். எங்கம்மா வயித்துல கல்லுன்னே நெனச்சிட்டிருந்தாங்க."

இரண்டு பேர் சிரிப்பை அடக்க இருமினார்கள். அம்மாவின் முகம் அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் மெத்தைக்காரர் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வராமலே இருந்திருக்கலாம், வந்தார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். தூங்காமல் வீங்கிய கண்கள், கையில் வெள்ளைப் பூக்கள், நேற்றே போட்ட சட்டை. காரைக் கொண்டுபோய் அப்பாவை ஏற்றிப்போக நின்ற வண்டிக்கு முன்னால் மூக்கோடு மூக்கு இடிப்பது போல நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மெத்தை விற்கிறவர் என்று யாரோ சொன்னதும், ஒன்றை ரோட்டில் விரித்து வைத்திருக்கலாமே என்று அத்தை முணுமுணுத்தாள். அத்தையின் முணுமுணுப்பு தெருக்கோடி வரை கேட்கும்.

அவர் அம்மாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டார், அழுதார், மூக்கைச் சிந்தினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. கடைசியில், "என்னம்மா பண்றது, ரொம்ப வேகமா வந்துட்டாரு," என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

அதை மகள் பார்த்தாள். அப்பா இல்லாத வீட்டில் இருந்துவிடலாம். அதற்கு எப்படியாவது பழகிக்கொள்ளலாம். மிச்ச காலமெல்லாம் அம்மா இப்படித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இருக்க முடியாது. இந்த மனிதர் உண்மையைச் சொல்லாமல் அப்பா இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

சண்டை போடலாம் என்று அத்தை கண்ணால் சொன்னாள். மகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கத்தினால் கற்றுக்கொள்கிறவன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடிப்பான், அவ்வளவுதான் நடக்கும். அவள் பக்குவமாகப் போய், வண்டி கிளம்பவேண்டும், உங்கள் காரைக் கொஞ்சம் எதிர்ப் பக்கமாக மாற்றி நிறுத்துங்கள் என்று மெத்தைக்காரரைக் கேட்டுக்கொண்டாள். அவருக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்ததில் நிம்மதி. உடனே எழுந்து போனார்.

அவளிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம், என்ஜினைத் தொடுவதற்கு முன்னாலேயே, காரைவிட்டு இறங்குவதுதான். கதவுப் பக்கத்துக் கையால் கதவைத் திறக்கக் கூடாது. மறுபக்கத்துக் கையைக் குறுக்கே கொண்டுவந்து திறக்க வேண்டும். கை குறுக்கே வந்தால் தோள் திரும்பும், தோளோடு தலை திரும்பும், தலை திரும்பினால் பின்னால் வருகிறவர் கண்ணில் படாமல் போக மாட்டார். இதைச் செய்ய மறந்தவர்களை அவள் மறுபடி உட்காரவைத்து மறுபடி இறங்கச் சொல்வாள். ஒரு பல் டாக்டர் ஒரு நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மெத்தைக்காரர் காரை எதிர்ப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். ஓரத்தோடு ஒட்டி, கச்சிதமாகத்தான் நிறுத்தினார். மகள் ரோட்டில் இறங்கி, காரின் பின்பக்கத்திலிருந்து நடந்தாள். அப்பாவின் வேகத்தில் நடந்தாள். அப்படி நடப்பது சுலபமில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எதையாவது யோசிக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் உள்ளங்கையை முன்னால் நீட்டிக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்து அவள் கையில் வந்து அறைந்தது.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெத்தைக்காரர் ஒரு காலை வெளியே வைத்தபடி, கதவைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தார்.

"நான் வேகமாவா வந்தேன்?" என்று கேட்டாள்.

அவர் அவள் கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. தன் கையைப் பார்த்தார்.

"நீங்க வந்ததையே நான் பாக்கலியே."

"எங்கப்பாவ?"

அவர் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி வெளியே வைத்தார்.

"பாக்கல," என்றார். "அவரையும் பாக்கல."

அவள் கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டாள், அவர் இறங்குவதற்கு வசதியாக. அம்மாவிடம் இதையே சொல்லுங்கள், பிறகு போலீசில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். குரலை உயர்த்தவில்லை. நல்ல மாணவனிடம் பேசுவது போலத்தான் பேசினாள். அவரும் அப்படியே வந்தார்.

"நான் பாக்கலம்மா," என்று அம்மாவின் எதிரில் நின்று சொன்னார். "கதவத் தொறந்தேன், சத்தம் கேட்டுது. கதவு தொறந்தே இருந்துச்சுன்னு சொன்னது பொய். வேகமா வந்தாருன்னு சொன்னது, அப்படித்தான் இருக்கும்னு நானா நெனச்சிக்கிட்டது."

அம்மா தலையைத் தூக்கினாள்.

"அப்ப அவரு வேகமா வரலியா?"

"தெரியலம்மா. பாத்திருந்தாத்தானே தெரியும்."

மகள் இதை எதிர்பார்க்கவில்லை. பார்க்காதவர், வேகம் என்றும் சொல்ல முடியாது, வேகம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உண்மையை இழுத்துக்கொண்டு வந்தாயிற்று, அது பாதி தூரத்தில் நின்றுவிட்டது. ஆயிரம் பேரைக் காப்பாற்றிய அவளுடைய கால், அந்த நிமிஷம் மிதிக்க ஒன்றும் இல்லாமல் தரையைத் தேடியது.

அம்மா மட்டும் அவரை விடவில்லை. அங்கே எதற்கு காரை நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். பெரிய சாலை மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்க என்றார் அவர்.

"கடை தொறந்திருந்துச்சா?"

"அப்பதாம்மா ஷட்டரத் தூக்கினாங்க. ரொம்ப நேரமா காருக்குள்ளயே காத்துக்கிட்டு இருந்தேன். தூக்குறதப் பாத்ததும் அவசரமா எறங்கினேன்."

அந்த மருந்துக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஊரில் வலியுள்ள எல்லாருக்கும் அது தெரியும். விபத்து எங்கே, எப்போது என்பது மகளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா வீட்டிலிருந்து எப்போது கிளம்பினார் என்பது அவளுக்குத் தெரியாது, அப்போது அவள் ஒரு நடுங்கும் மனிதருக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கோ அவர் கிளம்பிய நேரம் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்ன பிறகு அவளும் கேட்கவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போய்க்கிட்டிருந்தப்ப கிளம்பினாரு," என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல். "அப்புறம் நான் வீட்டக் கூட்டினேன். குளிச்சேன். அழுக்குத் துணியெல்லாம் ஊறவச்சு, துவைச்சு, பின்னாடி காயப்போட்டேன். உட்காந்து காப்பி குடிச்சேன். அப்பதான் மணி பத்து அடிச்சுது."

மருந்துக் கடை, கால் வலிக்காரர்கள்கூடப் பத்து நிமிஷத்தில் நடந்துவிடும் தூரம்.

"மருந்துக் கடை வரைக்கும்தான் போயிருக்காரு," என்றாள்.

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, குனிந்து, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டுவந்த குரல் திரும்ப வந்தது.

"நான் கத்தினத இந்த மனுஷன் காதுலயே வாங்கல பாரு."

அத்தைதான் முதலில். வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அப்புறம் தையல்காரர். அப்புறம் அறை முழுக்க. மெத்தைக்காரருக்குத் தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பூக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தை அவர் கையிலிருந்து அவற்றை வாங்கி அப்பாவின் காலடியில் வைத்தாள்.

அம்மா எழுந்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். எல்லாம் தயார், எடுக்கலாமா என்று வண்டிக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். உட்காருங்கள் என்றாள் அத்தை. அவர் உட்கார்ந்தார்.

மகள் பின்னால் போனபோது அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வெயிலில் எல்லாம் விறைத்துப்போயிருந்தன. கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கிப் பின்னால் நகர்ந்தாள். உதறினார்கள். எதிரெதிராக நடந்துவந்து முனையோடு முனை சேர்த்தார்கள். மறுபடி விலகிப் போய், மறுபடி வந்தார்கள்.

கடைசியாக அப்பாவின் சட்டை இருந்தது. உள்பக்கம் வெளியே இருக்கும்படி காயப்போட்டிருந்தது. அம்மா அதைத் திருப்பினாள். சட்டைக் கைகளைப் பின்னால் மடித்து, மேலிருந்து பட்டன்களைப் போட ஆரம்பித்தாள்.