ஐந்து மணிக் கூட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவர்கள் மூன்று பேர். நானும் ஒருத்தி. ஆறு மாதமாக எழுதிப் பார்க்கிறேன், தொடக்கத்தைத் தாண்டவில்லை.

முதல் தொடக்கம்: 'ஹைதராபாத் என்னை இரு கை நீட்டி…'

(வேண்டாம். கை நீட்டியவர் ஜம்புநாதன். என் பெட்டியை வாங்கிக்கொள்ள.)

2

நடந்தது இதுதான். மாதாப்பூரில் கணினி வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். என் புதிய தொகுப்பைப் பற்றிப் பேச அழைத்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. எனக்கு அறுபத்திரண்டு வயது. என் புத்தகத்துக்கு யாரும் கூட்டம் போட்டு ஒன்பது வருடமாகிறது. திண்டுக்கல்லிலிருந்து தூக்கமில்லாமல் ரயிலில் வந்து இறங்கினேன்.

தங்க இடம் கொடுத்தவர்கள் ஜம்புநாதன், பத்மஜா தம்பதி. ஜம்புநாதன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏ.எஸ்.ராவ் நகரில் முப்பத்தைந்து வருட வாசம்.

"கூட்டம் சாயங்காலம்தானே மேடம்? அதுவரைக்கும் ஊர் பாக்கலாம், வாங்க."

பெசரட்டு தோசை. சார்மினார். வளையல் கடைகள். பிறகு சாலார் ஜங் அருங்காட்சியகம். அங்கே ஒரு பெரிய கடிகாரத்துக்குள்ளிருந்து பொம்மை மனிதன் வந்து மணியடிப்பதைப் பார்க்க நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது.

'மன்னிக்கவும் மேடம். எங்களில் பலருக்கு இன்று அலுவலகத்தில் அவசர வேலை. கூட்டம் ரத்து. காலையிலேயே ஜம்பு சாரிடம் சொன்னோம். உங்களிடம் சொல்லியிருப்பார்.'

சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப வருவான் பாருங்க" என்று பொம்மையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

3

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தை, அதாவது என்னை, நம்ப முடியவில்லை. ஏன் அவரிடம் கேட்கவில்லை? 'அவர்கள் அன்பைப் புண்படுத்த மனமின்றி' என்று முதலில் எழுதினேன். அழகான பொய். கேட்டால் யாரும் வரவில்லை என்பதை அவர் வாயால் கேட்க வேண்டிவரும். அதற்குத் தெம்பில்லை.

ஆகவே சாப்பிட்டேன். மிர்ச்சி பஜ்ஜி, ஆப்ரிகாட் பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்த குபானி. கோல்கொண்டாவில் பாதிப் படியில் முழங்கால் மறுத்துவிட்டது. (கோட்டையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, எடுத்துவிட்டேன். நான் கோட்டையைப் பார்க்கவில்லை, ஜம்புநாதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) போகுமிடமெல்லாம் அவர் "மேடம்…" என்று ஆரம்பிப்பார். பத்மஜா குறுக்கே எதையாவது நீட்டுவார்.

"நக்கோ, வேணாம், அப்புறம் பேசலாம். முதல்ல இதைச் சாப்பிடுங்க."

அவர்களும் எழுபதை நெருங்குகிறவர்கள். மூவருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று யாருமே சொல்லவில்லை.

4

நாலரை மணிக்கு ஓர் ஈரானி டீக்கடையில் அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மேடம், கூட்டத்தைப் பத்தி ஒரு விஷயம்…"

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார். சுத்தமா முடியல. நான் வரலேன்னு அவங்ககிட்ட சொல்லிடறீங்களா? கோவிச்சுக்குவாங்களோ?"

பத்மஜா என்னையே பார்த்தார். பிறகு கணவரை.

"ஹவ், ஹவ், ஆமா. நான் பேசறேன்." ஜம்புநாதன் கைப்பேசியைக் காதில் வைத்தார். அதன் திரை இருட்டாகவே இருந்தது. "ஆமாப்பா, ஜம்புநாதன்தான். மேடத்துக்கு உடம்பு முடியல… புரியுதுப்பா, என்ன பண்றது… எத்தனை பேரு?" கைப்பேசியைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நாப்பது பேர் வந்துட்டாங்களாம் மேடம். ரொம்ப ஏமாந்து போயிட்டாங்க."

"ஐயோ பாவம்," என்றேன்.

பத்மஜா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எங்களுக்காவது ஒரு கதை வாசிங்களேன்."

வாசித்தேன். பக்கத்து மேசையில் சத்தமாகப் பேசியவர்களைப் பத்மஜா தெலுங்கில் அதட்டினார்.

5

ஒரு முடிவில், மூவரும் உண்மையைச் சொல்லிச் சிரிக்கிறோம். நடக்கவில்லை. இன்னொன்றில், ரயிலடியில் பத்மஜா என் கையைப் பிடித்து, 'உங்களுக்குத் தெரியும்தானே…'

(அதுவும் இல்லை. அவர் சொன்னது: "புளியோதரை வச்சிருக்கேன். நாளைக்கு வரைக்கும் கெடாது. எங்க ஊரைப் பத்தி எழுதினா அனுப்பணும்.")

அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், பயனில்லை. அந்த ஊரில் என்னை வாசிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஜம்பு சார். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும் என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அந்த நாற்பது பேரிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள்.