நீலக் கார், வெள்ளைத் தூண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. துணி காயப்போடும் கொடியில், ஒரு பழைய பனியன் துணியில் கிடைத்தது. துவைத்தும் போகாத மூன்று கறைகள் அதில்: வெள்ளை, நீலம், மஞ்சள். முதல் இரண்டும் எப்படி வந்தன என்று ஊகித்துவிட்டேன். மஞ்சளைப் பார்த்ததும் துணியைச் சட்டென்று திருப்பிப் போட்டேன். ஏன் என்பதை இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களால் நீலக் காரை—" வேண்டாம். அரைத்த மாவு.

இரண்டாவது: டீச்சர் காரைப் பின்னால் எடுத்தபோது கேட் தூண் வழிவிடவில்லை.

இது தேவலை. டீச்சர் பள்ளியில் வேதியியல் நடத்துபவள். எல்லா வண்டியும் ஓட்டுவாள். வீட்டிலிருக்கும் நாற்பது வயதுக் காரை மட்டும் தொட்டதில்லை. "அது என் கைக்குத்தான் கட்டுப்படும்" என்று சொல்லிச் சொல்லியே கணவர் சாவியைத் தன் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். அவர் இரண்டு நாள் வெளியூர் போனார். இவள் சாவியை எடுத்தாள். (ஸ்கூட்டர் பஞ்சர் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். ஆசைப்பட்டாள், எடுத்தாள். அதற்கெதற்குச் சாக்கு?)

ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் குறையில்லாமல் திரும்பியவளுக்கு வாசலில்தான் வினை. பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக உரசிய தடம். மாலை ஐந்து மணிக்கு அவர் வந்துவிடுவார். அது அவர் கண்ணில் பட்டால் சாவி இந்த ஜென்மத்தில் அவள் கைக்கு வராது.

3

நாத்தனார் தேவையா என்று யோசித்தேன். தேய்க்க ஒரு கை போதும். ஆனால் பேச்சுத்துணை இல்லாமல் கதை நகராது. மேலும் அவள் பல் டாக்டர். கறை விஷயம் தெரிந்தவள்.

"நகத்த வச்சு மெதுவா இழுத்துப் பாருங்க அண்ணி. மாட்டுதா?"

"இல்ல. வழுக்கிட்டுப் போகுது."

"அப்ப பள்ளம் விழல. தூணோட பெயிண்ட் மேல ஒட்டிட்டிருக்கு, அவ்வளவுதான். பல்லு உடையல, கறைதான்."

சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தாள் டீச்சர். கார் பெயிண்டில் கறை தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்டைப் பட்டாணி அளவு பனியன் துணியில் எடுத்து, முதலில் கதவின் உள் ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில் சோதித்தாள். ஆய்வுக்கூடப் பழக்கம். துணியில் நீலம் வந்தது.

"ஐயையோ, காரோட பெயிண்டே வருதே!"

"பழைய பெயிண்ட் கொஞ்சம் சாயம் விடத்தான் செய்யும். கரிச்சட்டி தேய்க்கிற மாதிரி அழுத்தாதீங்க."

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கையால் தேய்த்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று விரலுக்கே தெரியும். 'எழுத்தும் அப்படித்தான்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பாலிஷ் கூடிப்போன வரி. விடுங்கள்.)

ஒற்றை விரலில் துணியைச் சுற்றி, ஒரே திசையில், பொறுமையாக. வெள்ளை மங்கியது. டீச்சருக்கு உயிர் வந்தது. இன்னும் நாலு தேய்ப்பு. அந்த இடத்து நீலம் மட்டும் கட்டியாக உரிந்து துணியோடு வர, அடியில் ஒரு மஞ்சள் கோடு எட்டிப்பார்த்தது. துணியிலும் கொஞ்சம் மஞ்சள்.

4

"இது சீசா பெயிண்ட். யாரோ பிரஷ்ஷால பூசி மறைச்சிருக்காங்க," என்றாள் டாக்டர். "நம்ம தூண் முன்னாடி மஞ்சள்தான அண்ணி?"

"ஆமா. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப உங்க அண்ணன் வெள்ளை அடிச்சாரு. மஞ்சள் கண்ண உறுத்துதுன்னாரு."

இருவரும் தூணைப் பார்த்தார்கள். காரைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர்.

"நான் வேற, என் வீட்டுக்காரர் சொல்லாமலே வேல செய்யறாருன்னு ஸ்டாஃப் ரூம் பூரா பெருமையடிச்சேன்!"

சிரித்த சிரிப்பில் டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

5

முடிவு அ: மஞ்சளையும் தேய்த்தெடுத்து, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு, அவளுக்குப் பிடித்திருக்காது.

முடிவு ஆ: அவர் வந்ததும் வராததுமாகக் கையைப் பிடித்துக் காரருகே இழுத்துப்போய்— இல்லை, அவள் அப்படிப்பட்டவளல்ல.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கணவன் நான்தான். பேச்செல்லாம் என் கற்பனை. என் தங்கையிடம் கேட்டேன். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிற டாக்டர் தன் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து மணிக்கு நான் வந்தபோது வெள்ளைத் தடம் இல்லை. மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மட்டும் மெழுகு போட்டு, என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்திருந்தாள். "பயணம் எப்படி?" என்றாள். "நல்லா இருந்துச்சு" என்றேன். நான்கு நாளாகச் சாவி ஆணியில் இல்லை. அவள் கைப்பையில் இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போவது இவ்வளவு சுகம் என்று இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டது.

வாயால் சொல்ல வராததை எழுதியாவது தருகிறேன்: தூணில் முதலில் இடித்தவன் நான்.

இந்தத் தாள்களைக் காரின் முன்கண்ணாடி வைப்பருக்கு அடியில் செருகப் போகிறேன். ஆறாம் பகுதி காலி, அது அவள் எழுத. பேனா வைக்கவில்லை, டீச்சரிடம் சிவப்பு மை எப்போதும் இருக்கும்.

6