பதிலை உள்ளே வைத்த கேள்வி

1

இந்தக் கதையைப் பொறுக்கி எடுத்தேன் என்பதுதான் உண்மை. நகலெடுக்கும் கடையில் என் முறைக்காக நின்றபோது கழிவுக் காகிதங்களுக்கு மேலே ஒரு தாள் கிடந்தது. யாரோ எடுத்த நேர்காணலின் எழுத்து வடிவம். "உங்க குழந்தை உங்களத் தேடுமே, இல்ல?" என்ற கேள்வியின் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் வேறொரு கையெழுத்து: "பதிலையும் நீயே சொல்லிவிட்டாய்." அவ்வளவுதான் கிடைத்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள் சன்னலோரம்..."

வேண்டாம். மழை வந்தால் பின்னாலேயே அழுகையும் வந்துவிடும்.

இரண்டாவது: அவள் பல வருடம் அலுவலக வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் குழந்தை எல்லாம் ஆன பிறகு, சமூகவியலும் கொள்கை ஆய்வும் முதுகலையில் படிக்க வெளியூர் விடுதிக்கு வந்தவள். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை செய்யும் அம்மாக்களுக்கு எப்படிப்பட்ட விடுப்பு வேண்டும் என்பது அவளுடைய ஆய்வு. அவளுடைய ஆறு வயது மகளும் ஊரில்தான் இருக்கிறாள், அப்பாவோடும் அத்தையோடும்.

(மகள் விஷயத்தைக் கடைசிவரை மறைத்துவைத்து, முடிவில் போட்டு உடை என்றார் நண்பர் ஒருவர். பிள்ளையை ஒளித்துவைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை.)

3

சிவப்புக் கோடு போட்ட பேராசிரியையை முதலில் கடுகடுப்பானவராக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. அவர் நேர்காணல் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"தேடுமேன்னு கேட்டா எந்த அம்மா இல்லன்னு சொல்லுவா?"

"ஆனா அது உண்மைதானே மேடம்?"

"இருக்கலாம். அத அவங்க சொல்லணும். பொதுவா ஒண்ணு கேளு, கேட்டுட்டுப் பேசாம இரு. கொஞ்ச நேரத்துல அவங்களே பேசுவாங்க."

"அதுவரைக்கும் என்னால தாங்க முடியலன்னா?"

"நாக்கக் கடிச்சுக்கோ."

4

சிக்கல் என்னவென்றால், தினமும் சாயங்காலம் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து மகளிடம் அவள் கேட்பதும் இதே ரகம்தான்.

"அம்மாவத் தேடுதா கண்ணு?"

"ம்."

"ரொம்பவா?"

"ம்."

அந்த 'ம்' அவளுக்குப் போதவில்லை. 'வந்துடும்மா' என்று மகள் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால், படிப்பை மூட்டை கட்டிவைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மகள் சொல்லமாட்டேன் என்கிறாள். மறக்கத் தொடங்கிவிட்டாளோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பிள்ளையின் தலைவாசம் வேண்டும் போலிருந்தது. போனில் அது வராது.

(இங்கே எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. தான் எடுக்க வேண்டிய முடிவை ஆறு வயசுப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்க்கிறாளே? ஒரு வாரம் இவளை எழுதாமல் விட்டுவைத்தேன். பிறகு, ஏங்கிக் கிடப்பவளிடம் நியாயம் பேச நான் யார் என்று திரும்பி வந்தேன்.)

5

சிவப்புக் கோடு விழுந்த அன்று அவள் வேறு மாதிரி கேட்டாள்.

"இன்னைக்கு என்ன பண்ண கண்ணு?"

"அத்தை தல பின்னிவிட்டாங்க."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ பின்றத விட இறுக்கமா பின்றாங்க. வலிக்குது. ஆனா அவுந்தே போகல."

இன்னும் கொஞ்சம் மின்விசிறி.

"நான் அழல."

'ஏன் கண்ணு, அம்மா ஞாபகம் வந்துச்சா?' என்பது தொண்டைவரை வந்தது. அவள் விழுங்கிவிட்டாள்.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"போன வச்சதுக்கப்புறம் நீ அங்க என்ன பண்ணுவ?"

கேட்டுவிட்டு மகளும் பேசாமல் இருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

6

ஒரு முடிவில் அவள் "படிப்பேன்" என்று பொய் சொல்லி, நல்ல மதிப்பெண் வாங்கி... இல்லை. இன்னொன்றில் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். அதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

"உன்னத் தேடிட்டு இருப்பேன் கண்ணு." எனக்குப் பிடித்த முடிவு இது. அதனாலேயே அதன் கீழே சிவப்புக் கோடு போட்டேன். படிக்கட்டு, தலைவாசம், இறுகப் பின்னிய பின்னல் என்று காட்டிக் காட்டி உங்களை நான் அங்கேதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தத் தாளில் இருந்த கேள்விக்கும் என் கதைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே பொதுவாகவே கேட்கிறேன். போன் அவள் காதில் இருக்கிறது, மகள் காத்திருக்கிறாள். அவள் என்ன சொன்னாள்?

நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.