புகைபோக்கியின் மூடி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மேதா அதைக் கவனித்தாள். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த தன் அலுவலகத்தில், பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மடிக்கேரிக்கு மேலே நாராயணுக்காக அவள் வடிவமைத்த மலைவீட்டின் படங்கள். சரிவான கூரை, கூடத்தில் கருங்கல் கணப்பு, அதற்கு மேலே நெட்டையாக ஒரு புகைபோக்கி. அந்தப் புகைபோக்கியின் வாயில் சாம்பல் நிறத் தகடு ஒன்று, கூரையோடு கூரையாக, வெகு அழகாக உட்கார்ந்திருந்தது.

மைசூர்க்காரர்களுக்கு மாடுலர் கிச்சனும் பூஜை அறைக் கதவும் செய்து அலுத்துப்போனவளுக்கு அந்த வீடு வாராது வந்த அதிர்ஷ்டம். நாராயணுக்குக் குடகு மலையில் ஒரு சுவிட்சர்லாந்து வேண்டியிருந்தது. குளிர்காற்று மட்டும் உள்ளே வரக்கூடாது, ஏனென்றால் ஆறு வயது மகன் ப்ரத்யும்னனுக்கு வீசிங். அதற்காக மேதா ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவிடுக்குகளில் ரப்பர் பட்டை வைத்து, எறும்பு நுழைய வழியில்லாமல் அடைத்திருந்தாள்.

ஜூன் மழை புகைபோக்கி வழியாக இறங்கிக் கணப்பை நனைத்தபோது, கூரை வேலை செய்த மல்லப்பன் மேலே நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டினார். படம் எடுக்கும் நாளில் அந்த நீலம் மேதாவின் கண்ணை உறுத்தியது. அவிழ்க்கலாமென்றால் மழை விடவில்லை. வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இவளோ கூரையின் நிறத்திலேயே தகடு வெட்டி மூடச் சொன்னாள். கணப்பில் விறகுக்குப் பதில் இருபது மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்துப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மல்லப்பன் சொந்த ஊரான கௌதள்ளிக்குப் போயிருந்தார். நாலாவது முறைதான் போனை எடுத்தார்.

"மல்லப்பன், சிம்னி மேல போட்ட தகட்டைக் கழட்டிட்டீங்க, இல்லையா?"

"இல்லீங் மேடம். ஃபோட்டோ முடியட்டும், அப்பறம் சொல்றேன்னீங்க. சொல்லவே இல்லீங்களே." எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல் அவரே சமாதானம் சொன்னார். "நீங்க பயப்படாதீங்க. சொன்னாப்புல ஒரு நூல் சந்துகூட இல்லாம அடிச்சிருக்கறனுங்க. சொட்டுத் தண்ணி எறங்காது."

தண்ணீர் இறங்காது. புகையும் ஏறாது.

காலையில் நாராயணின் மனைவி வைஷாலி அனுப்பிய செய்தியை மறுபடி திறந்தாள். காரின் பின்சீட்டில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ப்ரத்யும்னன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கூடவே வைஷாலியின் குரல்: "கெளம்பிட்டோம் மேதா. மாமியாரும் வரா, நாங்க நாலு பேர். நெருப்பை அவன்தான் பத்தவைக்கணுமாம், ஒரே அடம்."

வீட்டை ஒப்படைக்கும்போது எதையாவது அன்பளிப்பாக வைத்துவிட்டு வருவது மேதாவின் பாணி. கணப்பருகே ஒரு கூடை காய்ந்த விறகும் தீப்பெட்டியும் அவள்தான் வைத்திருந்தாள். மேலே தன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'முதல் நெருப்பு உங்கள் கையால்.' அந்தச் சீட்டை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாராயணின் போன், வைஷாலியின் போன், காவலுக்கு இருந்த லிங்கம்மாவின் போன், மூன்றும் தொடர்பு எல்லைக்கு வெளியே. மழையென்றால் அந்த மலையில் டவர் படுத்துவிடும். அடிவாரத்துக் கடைக்காரர் மட்டும் எடுத்தார். ஆள் அனுப்புவதாகக் கன்னடத்தில் சொன்னார், பாதியில் அவர் குரலும் அறுந்தது. அனுப்பினாரா, அனுப்பிய ஆள் போனானா, தெரியாது. மேதா கார்ச் சாவியை எடுத்தாள்.

ஹுன்சூர் தாண்டும்வரை, அவர்கள் வழியில் சாப்பிட நின்றிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். குஷால்நகரில், விறகு ஈரமாகியிருக்கும், பற்றாது என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் விறகை வெயிலில் போட்டு, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தவள் அவளேதான். செய்த வேலையில் ஒன்றாவது மோசமாக இருக்கக்கூடாதா என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். மலை ஏற ஏற மழை தூறலாகி, சாலை பனிமூட்டத்தில் பாதி மறைந்தது.

கடைசி வளைவில் வீடு தெரிந்தது. புகைபோக்கி படத்தில் இருந்தபடியே இருந்தது, அதிலிருந்து ஒரு இழை புகை இல்லை. ஆனால் கீழே கூடத்தின் கண்ணாடிக் கதவுகள் அத்தனையும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளிருந்து சாம்பல் நிறமாக ஏதோ வந்து பனியோடு கலந்துகொண்டிருந்தது. புல்தரையில், தூறலில், ஆட்கள் குனிந்து நின்றிருந்தார்கள்.

காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதில் சிவப்பு ஸ்வெட்டர் இல்லை. பனி கண்ணை மறைத்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.